உள்ளாட்சியின் கைமாற்று: குடிநீர், மின்சாரம், கழிவுநீர்ப் பணிகளுக்குக் குறுகிய காலக் கடன் வாங்குவது எப்படி?

தண்ணீர்க் கட்டணம் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலாகும். பம்பு ஓடுவதற்கான மின் கட்டணமோ மாதாமாதம் வந்து நிற்கும். சம்பளம், குளோரின், குழாய் உடைப்பு எதுவும் வசூல் வரும்வரை பொறுத்திருக்காது. வருடக் கணக்கில் வரவும் செலவும் சரியாக இருக்கும் ஒரு நகராட்சிகூட, நான்காவது மாதத்தில் கையில் காசில்லாமல் நிற்கலாம். அந்த இடைவெளியைக் கடக்க வாங்குவதுதான் குறுகிய காலக் கடன். வீட்டுப் பாஷையில் சொன்னால் கைமாற்று.

கைமாற்று வாங்கும்போது "எப்போ தருவே, எதிலிருந்து தருவே?" என்று கேட்பார்கள் அல்லவா, இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நகரும். வட்டி விகிதம், பத்திர வகை எல்லாம் அதற்கு அப்புறம். நிதிப் பிரிவில் இருப்பவர்களையும், கடன் தீர்மானத்துக்குக் கை தூக்க வேண்டிய உறுப்பினர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், கணக்கு மாறாது.

முதல் படி: எந்த வகைப் பள்ளம் என்று பாருங்கள்

பணம் குறைகிறது என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். ஆனால் காரணம் ஐந்து வகை.

ஒன்று, பருவப் பள்ளம். வரியும் கட்டணமும் வருடத்தில் சில மாதங்களில் மொத்தமாக வரும், செலவு சீராகப் போகும். இதற்கு வாங்குவது வரி அல்லது வருவாயை எதிர்பார்த்து வெளியிடும் நோட்டு, அதாவது குறுகிய காலக் கடன் பத்திரம்.

இரண்டு, கட்டுமானப் பாலம். சுத்திகரிப்பு நிலையம் கட்ட இரண்டு மூன்று வருடம் ஆகும். முடிவில் எவ்வளவு செலவாகும் என்று முதல் நாளே தெரியாது. முழுத் தொகைக்கும் 20 வருடக் கடன் பத்திரம் போட்டுவிட்டு, செலவழிக்காத பணத்துக்கும் வட்டி கட்டுவதைவிட, வேலை நடக்க நடக்கக் குறுகிய கடன் எடுத்து, முடிந்ததும் நீண்ட காலப் பத்திரத்தால் அதை அடைப்பது வழக்கம். பத்திரத்தை எதிர்பார்த்து வெளியிடும் நோட்டு இதுதான்.

மூன்று, மானியப் பாலம். மேல் அரசு மானியத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது, ஆனால் செலவு செய்து ரசீது காட்டினால்தான் பணம் வரும்.

நான்கு, திடீர் அடி. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயல் அடித்தபோது மொத்த மின்சந்தை விலை ஒரு மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சவரம்பில் நாள் கணக்கில் நின்றது. நகரங்களுக்குச் சொந்தமான மின் நிறுவனங்கள் பல மாதத்துச் செலவைச் சில நாட்களில் புரட்ட வேண்டிவந்தது.

ஐந்தாவது, நிரந்தரப் பற்றாக்குறை. தண்ணீர் விற்கும் விலை தயாரிக்கும் செலவைவிடக் குறைவு. வருடா வருடம் நஷ்டம். இதற்குக் குறுகிய காலக் கடன் மருந்தே இல்லை. அடுத்த வருடம் இதே பள்ளம் வட்டியோடு சேர்ந்து ஆழமாகத் திரும்பி வரும். கோப்பில் இதை யாரும் "நிரந்தரப் பற்றாக்குறை" என்று எழுத மாட்டார்கள். "தற்காலிக நெருக்கடி" என்றுதான் எழுதுவார்கள். மூன்று வருடமாக அதே சொல் வந்தால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாம் படி: அடைக்கும் பணத்துக்குப் பெயர் வையுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் ஒரே வரி எழுதுங்கள்: "இந்தக் கடன் இன்ன தேதியில், இன்ன கணக்குக்கு வரும் இன்ன பணத்திலிருந்து அடையும்." "பொது வருவாயிலிருந்து" என்று எழுதத் தோன்றினால் இன்னும் விடை கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

நியூயார்க் நகரம் இந்த வரியைப் பொய்யாக எழுதித்தான் 1975-இல் மாட்டிக்கொண்டது. வரவேண்டிய சொத்துவரியைக் காட்டி நோட்டு விற்றார்கள். அந்தப் பட்டியலில் கைவிடப்பட்ட கட்டடங்களின் வரியும், நகரத்துக்கே சொந்தமான கட்டடங்களின் வரியும்கூட இருந்தன. வராத பணத்தின்மீது நோட்டு, அந்த நோட்டை அடைக்க அடுத்த நோட்டு. 1975 வசந்தத்தில் புது நோட்டை வாங்க ஆளில்லை என்றானதும் சங்கிலி அறுந்தது. அந்த டிசம்பரில் அமெரிக்க மத்திய அரசு கொடுத்த உதவியின் வடிவத்தைப் பாருங்கள்: வருடத்துக்கு 230 கோடி டாலர் வரை பருவக் கடன், அதே நிதியாண்டு முடிவதற்குள் முழுதாகத் திருப்பிக் கட்ட வேண்டும், மத்திய அரசு தான் கடன் வாங்கும் கருவூல வட்டிக்கு மேல் 1 சதவீதப் புள்ளி. அதாவது ஒழுங்கான கைமாற்று எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே.

கட்டுமானப் பாலத்துக்கு இந்த வரி எழுதுவது இன்னும் கடினம். அடைக்கும் பணம் இன்னொரு கடன்தானே! நீண்ட காலப் பத்திரச் சந்தை அன்றைக்குத் திறந்திருக்கும் என்று நம்பித்தான் நோட்டு போடுகிறோம். நியூயார்க் மாநிலத்தின் நகர வளர்ச்சிக் கழகம் 1975 பிப்ரவரி 25-இல் 10.45 கோடி டாலர் நோட்டுகளைக் கட்ட முடியாமல் நின்றது இந்த இடத்தில்தான். கட்டடங்கள் பாதியில் நிற்க, நீண்ட காலப் பத்திரம் வாங்க யாரும் வரவில்லை. எனவே பாலக் கடன் என்றால் இரண்டாவது வரி ஒன்றும் வேண்டும்: "பத்திரம் விற்க முடியாவிட்டால் என்ன செய்வோம்?"

மூன்றாம் படி: எவ்வளவு? பள்ளத்தின் அடியைத் தொடுங்கள்

பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான், அதனால் கணக்கைப் போட்டே பார்ப்போம். எண்கள் கற்பனை, நாணயம் எதுவாகவும் இருக்கட்டும்.

ஒரு குடிநீர் அமைப்பு. ஆரம்ப இருப்பு 6 லட்சம். மாதச் செலவு 10 லட்சம், ஐந்தாம் தேதி வெளியே போகும். பெரிய நுகர்வோரிடமிருந்து மாதம் 3 லட்சம், இருபதாம் தேதி உள்ளே வரும். வீட்டுக் கட்டணம் ஐந்தாம் மாதம் 30 லட்சம், ஆறாம் மாதம் 12 லட்சம், அதுவும் இருபதாம் தேதிதான். அடுத்த அரையாண்டும் இதேபோல. வருட வரவு 120, செலவு 120. காகிதத்தில் பள்ளமே இல்லை.

மாத முடிவில் இருப்பு: முதல் மாதம் கழித்தல் 1, அடுத்து கழித்தல் 8, கழித்தல் 15, கழித்தல் 22. ஐந்தாம் மாத முடிவில் கூட்டல் 1, ஆறாம் மாத முடிவில் மறுபடி 6. ஆக, 22 லட்சம் கடன் போதும் என்று தோன்றும்.

போதாது. ஐந்தாம் மாதம் ஐந்தாம் தேதி செலவுக்கான 10 லட்சம் போகிறது, வசூல் இருபதாம் தேதிதான் வருகிறது. அந்தப் பதினைந்து நாளும் இருப்பு கழித்தல் 32. மாத முடிவுக் கணக்கு இந்த அடியைக் காட்டவே காட்டாது. 22 லட்சம் வாங்கியவர் ஐந்தாம் மாதச் சம்பள நாளில் மறுபடி வங்கி வாசலில் நிற்பார். ஆகவே குறைந்தபட்சம் வாரக் கணக்கு, முடிந்தால் நாள் கணக்கு போடுங்கள். கடந்த மூன்று வருட வங்கிப் பதிவை எடுத்து, எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்று குறித்தாலே போதும். பட்ஜெட் புத்தகத்தைப் பார்த்து இதைப் போடாதீர்கள். அதில் தேதி இருக்காது.

மறுபக்கம், "கையில் கொஞ்சம் இருக்கட்டும்" என்று 60 லட்சம் வாங்குவதும் தப்பு. அமெரிக்காவில் வரிவிலக்கு நோட்டு (வாங்குபவர் பெறும் வட்டிக்கு வருமான வரி இல்லாதது) வெளியிடும் உள்ளாட்சிகளுக்கு இதே கணக்குதான் அளவுகோல்: ஒட்டுமொத்தப் பணப் பள்ளத்தின் அதிகபட்ச ஆழம், அதோடு ஒரு சிறு கையிருப்பு. மலிவாகக் கடன் வாங்கி அதிக வட்டிக்குப் போட்டு லாபம் பார்ப்பதைத் தடுக்கவே அந்தக் கட்டுப்பாடு.

சரி, இப்போது வசூலைச் சற்றுத் தாமதப்படுத்திப் பாருங்கள். ஐந்தாம் மாதம் 30-க்குப் பதில் 24 வருகிறது, மீதி 6 அடுத்த மாதம். ஐந்தாம் மாத முடிவில் இருப்பு கூட்டல் 1 அல்ல, கழித்தல் 5. கடனின் முதிர்வுத் தேதியை ஐந்தாம் மாத இறுதியில் வைத்திருந்தால் அன்றைக்கே தவணை தவறும். ஆறாம் மாத இறுதியில் வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது. முதிர்வை வசூல் உச்சத்தில் வைக்காமல், அது முடிந்து ஒரு மாதம் தள்ளி வைப்பது இதனால்தான். அந்த ஒரு மாத வட்டி, காப்பீட்டுக்குக் கட்டும் பிரிமியம் மாதிரி.

நான்காம் படி: சட்டம் எவ்வளவு கயிறு விட்டிருக்கிறது?

உங்கள் சட்டத்தில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: எதற்காக வாங்கலாம், எவ்வளவு, எப்போதைக்குள் அடைக்க வேண்டும், யார் ஒப்புதல் தர வேண்டும்.

நான் படித்தவற்றில் தெளிவானது தென்னாப்பிரிக்காவின் 2003-ஆம் ஆண்டு நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு. குறுகிய காலக் கடன் அந்த நிதியாண்டுக்குள்ளேயே அடைய வேண்டும். அடுத்த ஆண்டுக்கு நீளும்படி புதுப்பிக்கக் கூடாது. இது தெரிந்தும் புதுப்பிப்பதற்காகவே ஒருவர் கடன் கொடுத்தால், அந்த அசலையும் வட்டியையும் நகராட்சி திருப்பிக் கட்டக் கடமைப்பட்டதில்லை. கடன் வாங்குபவரை மிரட்டுவதை விட்டு, கொடுப்பவரைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். வேலை செய்யும் சட்டம் இப்படித்தான் இருக்கும்.

இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி, தன்னால் எவ்வளவு கடன் தாங்க முடியும் என்ற வரம்பை மன்றமே நிர்ணயிக்க வேண்டும். கடன் கொடுப்பவர்கள் ஏன் வழக்கறிஞரின் கருத்துக் கடிதம் கேட்கிறார்கள் என்பதற்கும் அங்கேதான் பாடம் இருக்கிறது. லண்டனின் ஹேமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹாம் மன்றம் செய்த வட்டி ஸ்வாப் ஒப்பந்தங்கள் (நிலையான வட்டியையும் மாறும் வட்டியையும் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு) அதன் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை, செல்லாதவை என்று 1991-இல் அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதிகாரம் இல்லாத கையெழுத்தை நம்பியதால் இழப்பு வங்கிகள் தலையில் விழுந்தது.

ஐந்தாம் படி: எந்தக் கருவி?

வங்கி ஓவர்டிராப்ட் அல்லது கடன் வரம்பு: தேவைப்படும்போது எடுத்து, வந்ததும் போடலாம். மேலே போட்ட கணக்கையே எடுங்கள். 32 லட்சத்தை 6 சதவீத வட்டியில் முதல் நாளே மொத்தமாக நோட்டாக வாங்கி ஆறு மாதம் வைத்தால் வட்டி 96,000. அதே வட்டியில், பள்ளம் ஆழமாக ஆழமாக மட்டும் எடுத்துவந்தால் சுமார் 36,000-தான். வங்கி அதற்கென்று எடுக்காத தொகைக்கும் ஒரு கட்டணம் போடும், வட்டியையும் கூடுதலாகவே கேட்கும். இரண்டையும் கூட்டி ஒப்பிடுங்கள். சிறு நகராட்சிக்குப் பெரும்பாலும் இதுதான் சரிப்படும்.

நோட்டு: தேதியும் வட்டியும் நிலையானவை. வழக்கமாக ஒரு வருடம், மிஞ்சிப்போனால் அதற்குச் சற்று மேல். வெளியிடச் சட்டச் செலவு, ரேட்டிங் (கடனை அடைக்கும் திறனுக்குத் தனி நிறுவனங்கள் தரும் மதிப்பீடு) செலவு உண்டு என்பதால் சிறு தொகைக்கு ஒத்துவராது. இவற்றுக்கு ரேட்டிங் அளவே தனி. மூடிஸ் நிறுவனம் எம்ஐஜி 1 முதல் 3 வரை தருகிறது. எஸ் அண்ட் பி, எஸ்பி-1 முதல் 3 வரை. உங்கள் நீண்ட காலக் கடனுக்கு நல்ல ரேட்டிங் இருப்பதால் நோட்டுக்கும் அப்படியே கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். பணம் எந்தத் தேதியில் வரும் என்பதைத்தான் இங்கே துருவுவார்கள்.

கமர்ஷியல் பேப்பர்: நோட்டைவிடக் குறுகிய காலக் கடன் பத்திரம். அமெரிக்க நகரங்களின் பெரிய குடிநீர், மின் நிறுவனங்கள் கட்டுமானத்துக்குப் பயன்படுத்துவது. அதிகபட்சம் 270 நாள். முதிரும்போது புதிதாக விற்றுப் பழையதை அடைப்பார்கள், பின்னால் ஒரு வங்கி உத்தரவாதம் நிற்கும். ஒருவர் தினமும் இதைக் கவனிக்க ஆள் பலம் இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்.

வட்டி மாறும் பத்திரங்கள்: பெயரளவில் 30 வருடக் கடன், ஆனால் வட்டி வாரா வாரம் மாறும். முதலீட்டாளர் ஏழு நாள் அறிவிப்பில் பத்திரத்தைத் திருப்பித் தந்து பணம் கேட்கும் வகையும் உண்டு. வட்டி குறைவாக இருக்கும்போது தேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜெஃபர்சன் கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) தன் கழிவுநீர்க் கடனின் பெரும்பகுதியை இப்படி மாறும் வட்டிக்கும், அவ்வப்போது ஏலத்தில் வட்டி நிர்ணயமாகும் பத்திரங்களுக்கும் மாற்றியது. 2008-இல் அந்தப் பத்திரங்களுக்குக் காப்பீடு தந்த நிறுவனங்களின் ரேட்டிங் சரிந்தது, ஏலங்களில் வாங்க ஆள் வரவில்லை, வட்டி எகிறியது. 2011 நவம்பரில் கவுண்டி திவால் மனு கொடுத்தது. மொத்தக் கடன் 400 கோடி டாலருக்கு மேல், அதில் 300 கோடிக்கு மேல் கழிவுநீர்க் குழாய்களுக்காக வாங்கியது.

மற்ற உள்ளாட்சிகளிடம் வாங்குவது: பிரிட்டனில் இது சகஜம். ஒரு மன்றத்தின் உபரிப் பணம் இன்னொரு மன்றத்துக்குச் சில மாதக் கடனாகப் போகும். மலிவு, விரைவு. அந்த எளிமையே ஆபத்தும். எசெக்ஸின் தர்ரக் மன்றம் இப்படிப் பிற மன்றங்களிடம் குறுகிய காலத்துக்கு வாங்கிக் குவித்து, சூரிய மின் நிலைய முதலீடுகளில் முடக்கியது. 2022 டிசம்பரில் வரவு செலவைச் சமன் செய்ய முடியாது என்று அறிவிப்புக் கொடுத்தது.

ஆறாம் படி: விலை கேளுங்கள்

இதில் பெரிய ரகசியம் ஏதுமில்லை. மூன்று நான்கு வங்கிகளிடமாவது எழுத்தில் கேளுங்கள். வட்டியை மட்டும் பார்க்காமல் கட்டணங்களைச் சேர்த்து மொத்தச் செலவைப் பாருங்கள். முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா, எந்தச் சூழலில் உடனே முழுத் தொகையும் கேட்கலாம் என்ற பிரிவு என்ன சொல்கிறது, ரேட்டிங் இறங்கினால் வட்டி ஏறுமா என்று பாருங்கள். இந்த மூன்றும் வழக்கமாகப் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

ஏழாம் படி: வாங்கியதும் அடைக்கும் கணக்கைத் திறங்கள்

கடன் வந்த அன்றே, திருப்பிக் கட்டுவதற்கென்று தனிக் கணக்கு. வசூல் மாதங்களில் இவ்வளவு இதில் போய்விட வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னால் யாரும் கை வைக்க முடியாது.

எவ்வளவு ஒதுக்குவது? நம் உதாரணத்தில் ஐந்தாம் மாதம் 20 லட்சத்தை எடுத்து வைக்கலாம் என்று தோன்றும். வசூல் திட்டப்படி வந்தால் கடன் பணத்தையும் சேர்த்துக் கையில் 33 இருக்கும், ஒதுக்கியபின் 13 மிஞ்சும், சிக்கலில்லை. ஆனால் முன்பு பார்த்த தாமதம் வந்தால் கையில் 27-தான். 20 போக 7. ஆறாம் மாதம் ஐந்தாம் தேதி செலவு 10. மூன்று லட்சம் இடிக்கும். அப்போது யாராவது "ஒதுக்கியதிலிருந்து தற்காலிகமாக எடுத்துக்கொள்வோம்" என்பார்கள். ஆகவே ஐந்தாம் மாதம் 15, ஆறாம் மாதம் வட்டியோடு மீதி 17.96 என்று எழுதுங்கள். தாமதம் வந்தாலும் தாங்கும்.

எட்டாம் படி: தேதி நெருங்குகிறது, பணம் இல்லை

1978 டிசம்பர் 15. கிளீவ்லாந்து நகரம் உள்ளூர் வங்கிகளிடம் வைத்திருந்த சுமார் 1.4 கோடி டாலர் நோட்டுகள் அன்று நள்ளிரவோடு முதிர்ந்தன. நகரத்துக்குச் சொந்தமாக ஒரு மின் நிறுவனம் இருந்தது, மியூனி லைட். அதைப் போட்டித் தனியார் நிறுவனத்துக்கு விற்றால்தான் நோட்டைப் புதுப்பிப்போம் என்று வங்கிகள் நிபந்தனை வைக்கின்றன என்றார் மேயர் டென்னிஸ் குசினிச். விற்க மறுத்தார். பெருமந்தத்துக்குப் பின் கடன் தவறிய முதல் பெரிய அமெரிக்க நகரம் என்ற பெயர் கிளீவ்லாந்துக்கு வந்தது. 1979 பிப்ரவரியில் மக்கள் வாக்களித்து வருமான வரியை 1 சதவீதத்திலிருந்து 1.5 ஆக உயர்த்திக்கொண்டார்கள், மின் நிறுவனத்தையும் விற்க வேண்டாம் என்றார்கள். அந்த ஆண்டே குசினிச் தேர்தலில் தோற்றார்.

மேயர் பக்கமா, வங்கிகள் பக்கமா என்ற வாதம் இருக்கட்டும். முதிர்வு வாரத்தில் பேச உட்கார்ந்தால், எதிரில் இருப்பவர் எதைக் கேட்டாலும் அது மேசைக்கு வந்துவிடும். அதனால் மூன்று மாதம் முன்பே பணப் புழக்கக் கணக்கைப் புதுப்பியுங்கள். வசூல் பத்து சதவீதம் பின்தங்கினாலே கடன் கொடுத்தவருக்குத் தெரியப்படுத்துங்கள். அவர் முதலில் பத்திரிகையில் படிக்கக் கூடாது. புதுப்பிக்கக் கேட்பதென்றால் அசலில் ஒரு பங்கையாவது கட்டிவிட்டுக் கேளுங்கள். மேல் அரசின் அவசர வசதி இருந்தால் அதன் நிபந்தனையை இப்போதே படித்து வையுங்கள். 2020-இல் கொரோனா முடக்கத்தின்போது அமெரிக்க மத்திய வங்கி இத்தகைய நோட்டுகளை வாங்க 50,000 கோடி டாலர் வரை வசதி அறிவித்தது. கடைசியில் அதில் கடன் வாங்கியவர்கள் இல்லினாய் மாநிலமும் நியூயார்க்கின் போக்குவரத்து ஆணையமும் மட்டுமே. வசதி இருக்கிறது என்ற அறிவிப்பே சந்தையை இளக்கியது ஒரு காரணம். வட்டி கறாராக வைக்கப்பட்டிருந்தது இன்னொன்று.

கடன் அடைந்ததும் கோப்பை மூடுவதற்கு முன் ஒரு எண்ணைக் குறித்து வையுங்கள்: இந்த வருடம் எத்தனை நாள் குறுகிய காலக் கடன் பூஜ்யமாக இருந்தது? ஓவர்டிராப்ட் கொடுக்கும் வங்கிகள் சில, வருடத்தில் தொடர்ந்து முப்பது நாளாவது பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவதுண்டு. அந்த எண் ஒரு வருடம் 90, மறுவருடம் 50, அதற்கடுத்த வருடம் 20 என்று இறங்கினால், அடுத்த கடன் விண்ணப்பத்தோடு கட்டண உயர்வுக் கோப்பையும் சேர்த்தே மன்றத்துக்கு எடுத்துப் போக வேண்டியிருக்கும்.